மோட்டார் ஓடாதப்ப 230 வோல்ட், சுவிட்ச் போட்டா 160: கணக்கு எங்க தப்புது?

ஏலத்தோட்டம் (ஞாயிறு, காலை 7:40)
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு வீடு கம்பத்துல. ஆனைக்கரைப் பக்கம் சின்னதா ஏலத்தோட்டம் இருக்கு. மேல ஷெட்ல மீட்டர். அங்க இருந்து சரிவுல 150 மீட்டர் கீழ ஓடைக்கரையில அரை ஹெச்.பி. மோட்டார். ரெண்டு ஒத்தை வயர மரத்துக்கு மரம் கட்டி இறக்கியிருக்கு. 1 ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால போட்டது.

ஒரு மாசமா மோட்டார் "உம்ம்"னு நிக்குது, சுத்த மாட்டேங்குது. கண்டன்சர் மாத்திப் பார்த்தாச்சு. மோட்டார கழட்டி கம்பத்துக்குக் கொண்டு வந்தா கடையில நல்லா ஓடுது. கீழ மல்டிமீட்டர் வச்சா சரியா 230 காட்டுது. சுவிட்ச் போட்டதும் 160க்கு இறங்குது. ஆஃப் பண்ணா திரும்ப 230. வயர்ல கோளாறுன்னா எப்பவுமே கம்மியாத்தானே காட்டணும்?

என் மக பத்தாவது. பாடத்துல படிச்சத வச்சு கணக்குப் போட்டா: போக 150, வர 150, மொத்தம் 300 மீட்டர் செம்பு, தடை 5.16 ஓம். 230ஐ 5.16ஆல வகுத்தா 44.6 ஆம்பியர். மோட்டார் தகட்டுல 4 ஆம்பியர்னு இருக்கு, எம்.சி.பி. (அதிகக் கரண்ட் ஓடினா தானா விழுற சுவிட்ச்) 16 ஆம்பியர். 44 ஓடினா எம்.சி.பி. விழுந்திருக்கணுமே, விழலயே. கணக்கு தப்பா, பாடம் தப்பான்னு கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல.

குமுளி ஜீப் (ஞாயிறு, காலை 8:15)
அண்ணே, கரண்ட் வேலை எனக்குத் தெரியாது. ஆனா நீங்க சொல்றத ஜீப்ல பார்த்திருக்கேன். பேட்டரி வயர் கிளிப்புல மீட்டர் வச்சா 12.6. ஸ்டார்ட் பண்ணா ஹெட்லைட் மங்கி, மீட்டர் 9க்குக் கீழ போயிரும். பேட்டரி போச்சுன்னு புதுசு வாங்கப் போனேன். டெர்மினல்ல பச்சையா வெள்ளையா பூத்திருந்ததச் சுரண்டி இறுக்கிக் குடுத்தாங்க, சரியாப் போச்சு. இது அதே சங்கதியா இருக்குமோ?

கூடலூர் விவசாயி (ஞாயிறு, காலை 8:40)
மோட்டார் பக்கத்துல ஒரு ஸ்டெபிலைசர் வச்சிருங்க. எங்க தோட்டத்துல அப்படித்தான்.

பவர்ஹவுஸ் ஓய்வு (ஞாயிறு, காலை 9:30)
ஜீப் தம்பி சொன்னதுதான் வழி. அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கம்பத்தில் இருந்து குமுளி ஏறுபவர்கள் எல்லாருக்கும் லோயர் கேம்ப்பில் மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டு மலையில் இருந்து இறங்கும் அந்த நான்கு பெரிய குழாய்கள் தெரியும். அந்த மாதிரி ஒரு குழாயில் கீழே வால்வை மூடி வைத்தால், அடியில் இருக்கும் கேஜ் முழு உயரத்துக்கான அழுத்தத்தைக் காட்டும். குழாய் உள்ளே எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் சரி, பாதி அடைத்திருந்தாலும் சரி, காட்டும். தண்ணீர் நகரவில்லை, அதனால் உரசல் இல்லை, இழப்பும் இல்லை. வால்வைத் திறந்த பிறகுதான் குழாயின் யோக்கியதை கேஜில் தெரியும்.

வயரும் அப்படியே. கரண்ட் ஓடாதபோது வயரின் தடை 5 ஓம் ஆனாலும் 500 ஓம் ஆனாலும் அதில் விழும் வோல்ட் பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அதனால் சும்மா இருக்கும் வயரில் 230 பார்த்து "லைன் நன்றாக இருக்கிறது" என்று சொல்லவே கூடாது. அந்த 230 வயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஸ்டெபிலைசர் வேண்டாம். மோட்டாருக்கு 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் கொடுக்க, உதாரணத்துக்கு உள்ளே 190 வோல்ட் வாங்கும் ஸ்டெபிலைசர் வயரில் இருந்து கிட்டத்தட்ட 4.8 ஆம்பியர் இழுக்கும். கரண்ட் கூடினால் வயரில் இழப்பு கூடும், 190 இன்னும் இறங்கும், அது இன்னும் இழுக்கும். கூடலூர்க்காரருக்கு வயர் தடிமனாக இருந்திருக்கும், அதனால் ஒத்துப்போயிருக்கும்.

மலைப்பள்ளி டீச்சர் (ஞாயிறு, காலை 10:20)
பீர்மேடு தாலுகாவில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பாப்பா போட்ட கணக்கைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஏனென்றால் வருடா வருடம் என் வகுப்பில் பாதிப் பேர் இதே இடத்தில் தடுக்குகிறார்கள்.

300 மீட்டருக்கு 5.16 ஓம் மிகச் சரி. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு, மீட்டருக்கு 0.0172 ஓம். வகுத்ததும் சரி. தப்பு எங்கே என்றால், 230 என்பது முழுச் சுற்றின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட். 5.16 என்பது சுற்றின் ஒரு துண்டின் தடை. ஒருவருடைய உயரத்தையும் இன்னொருவருடைய எடையையும் சேர்த்து எழுதின மாதிரி.

வோல்ட் = ஆம்பியர் × ஓம் என்று எழுதும்போது மூன்றும் ஒரே துண்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வயரின் தடையை எடுத்தால், வயரில் விழும் வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும். முழு 230ஐ எடுத்தால், வயர், மோட்டார், ஜாயிண்ட் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடையை எடுக்க வேண்டும். நான் கரும்பலகையில் எந்த எண் எழுதினாலும் பக்கத்தில் "யாருடையது?" என்று கேட்பேன். பிள்ளைகள் சூத்திரத்தை மறப்பதே இல்லை, இந்தக் கேள்வியைத்தான் மறக்கிறார்கள்.

பாப்பா, அந்த 44.6ஐ அடித்துவிடாதே. அது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. அது என்ன கேள்வி என்று யோசித்து வை.

கம்பம் வயர்மேன் (ஞாயிறு, காலை 11:05)
அண்ணே, மோட்டார வச்சு இந்த லைனச் சோதிக்காதீங்க. மோட்டார் சுத்தாம நிக்கும்போதும் கிளம்பும்போதும் நாலஞ்சு மடங்கு கரண்ட் இழுக்கும், ஓடும்போது வேற. காயில் இருக்கறதால வெறும் ஓம் கணக்குக்கு அது அடங்காது. அதக் கழட்டிட்டு அந்த இடத்துல அயன் பாக்ஸ் மாட்டுங்க. சாதாரண 1000 வாட் அயன் பாக்ஸ். அது வெறும் தடை, சொன்ன பேச்சு கேக்கும்.

ரெகுலேட்டர முழுசாத் திருப்பி வைங்க. அயன் பாக்ஸ் லைட் எரியும்போது மட்டும் மீட்டரப் பாருங்க. சூடாகிக் கட்டாயிட்டா லைட் அணைஞ்சிரும், அப்ப எடுத்த அளவு செல்லாது. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், போன்ல பேசிக்கிட்டே ஒரே நேரத்துல அளவு எடுங்க. மழை ஈரத்துல நின்னுக்கிட்டு வேண்டாம். லைசென்ஸ் உள்ள ஆளு ஒருத்தர் கூட இருக்கணும். மீட்டர் குச்சியப் பிடிக்கிறது அவரா இருக்கணும், பாப்பா எழுதிக்கிட்டாப் போதும். ஆள் இல்லன்னா சொல்லுங்க, நானே மேல வர்றேன்.

ஏலத்தோட்டம் (ஞாயிறு, மாலை 6:50)
வயர்மேன் அண்ணன் மத்தியானமே ஜீப்ல ஏறி வந்துட்டாரு. அவருக்கு ரொம்ப நன்றி. அளவு இது:

அயன் பாக்ஸ் போடாதப்ப மேல 231, கீழ 231.
போட்டதும் மேல 230, கீழ 195.

மக எழுதணும்னு நிக்கிறா. இனி அவ எழுதுறா.

ஏலத்தோட்டம் (ஞாயிறு, மாலை 7:30)
வணக்கம், நான் மகள். டீச்சர் சொன்ன மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் "யாருடையது" என்று எழுதிப் பார்த்தேன்.

அயன் பாக்ஸுடைய தடை: தகட்டில் 230 வோல்ட், 1000 வாட். 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம்.
அயன் பாக்ஸுடைய வோல்ட்: 195.
அயன் பாக்ஸுடைய கரண்ட்: 195 ÷ 52.9 = 3.69 ஆம்பியர்.
வயரும் அயன் பாக்ஸும் ஒரே வரிசையில் இருப்பதால் வயருடைய கரண்டும் 3.69தான்.
வயருடைய வோல்ட்: 230 − 195 = 35.
அப்போது வயருடைய தடை: 35 ÷ 3.69 = 9.5 ஓம்.

ஆனால் நீளத்தை வைத்துப் போட்டால் 5.16தானே வரவேண்டும்? 4.34 ஓம் அதிகமாக வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். அயன் பாக்ஸைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தேன், 52 காட்டியது. கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை அதே மாதிரி பார்த்தால் 63 ஓம்தான் காட்டுகிறது. 230 × 230 ÷ 60 = 882 வரவேண்டும். மீட்டர் கெட்டுப்போய்விட்டதா?

மலைப்பள்ளி டீச்சர் (ஞாயிறு, இரவு 8:10)
மூன்று தடவை போட்டும் வருகிறது என்றால் அந்த 4.34 ஓம் உண்மையிலேயே அந்த மலைச்சரிவில் எங்கோ இருக்கிறது. கணக்கை நம்பு. 300 மீட்டர் செம்புக்கு உரியது 5.16. மிச்சம் செம்புடையது இல்லை. ஜாயிண்ட், சுவிட்ச், திருகு, எங்கேயோ இரண்டு உலோகம் சரியாகத் தொடாமல் இருக்கிறது.

அது எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே விழும் வோல்ட் 3.69 × 4.34 = 16. அங்கே உண்டாகும் சூடு 16 × 3.69, அதாவது 59 வாட். ஒரு 60 வாட் பல்பின் சூடு முழுவதும் விரல் அளவு ஜாயிண்டுக்குள், டேப் சுற்றி. அப்பாவிடம் உடனே சொல், அந்த லைனை ஆஃப் செய்து வைக்கட்டும்.

உன் மீட்டர் கெடவில்லை. பல்பின் இழை டங்ஸ்டன். எரியும்போது அது கிட்டத்தட்ட 2,500 டிகிரி சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் 882. நீ அளந்தது அறைச் சூட்டில். டங்ஸ்டனுக்குச் சூடு ஏற ஏறத் தடை பல மடங்கு கூடும். அயன் பாக்ஸில் இருப்பது நிக்ரோம் என்ற உலோகக் கலவை, அதற்குச் சூட்டினால் தடை அதிகம் மாறாது, அதனால்தான் குளிர்ந்த நிலையிலும் கணக்கு ஒத்துப்போனது. வயர்மேன் பல்பைச் சொல்லாமல் அயன் பாக்ஸைச் சொன்னதற்கு நான் மனதுக்குள் கை தட்டினேன்.

குமுளி ஜீப் (ஞாயிறு, இரவு 8:45)
டீச்சர், ஜாயிண்ட்தான்னா மல்டிமீட்டர்ல ஓம் வச்சே கண்டுபிடிக்க முடியாதா? எதுக்கு அயன் பாக்ஸ் எல்லாம்?

கம்பம் வயர்மேன் (ஞாயிறு, இரவு 9:10)
முடியாது தம்பி. மல்டிமீட்டர் ஓம் பார்க்க அனுப்புறது மில்லி ஆம்பியர் கணக்குல துளி கரண்ட். ரெண்டு இழை தொட்டுக்கிட்டு இருந்தாக்கூட அதுக்குப் போதும், நல்லா இருக்குன்னு காட்டிரும். 4 ஆம்பியர் ஓடும்போதுதான் அந்த ஜாயிண்ட் சூடாகி தன் குணத்தக் காட்டும். அது போக, சாதா மீட்டரோட வயரே அரை ஓம் கிட்ட காட்டும், அத வச்சு ஒரு ஓம் ரெண்டு ஓம் கணக்கெல்லாம் பார்க்க முடியாது. உன் பேட்டரி டெர்மினலும் இதே கதைதான். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்தா 0.02 ஓம் போதும், 3 வோல்ட்ட முழுங்கிரும். 0.02 ஓம்ம எந்தச் சாதா மீட்டர் காட்டும்?

நாளைக்குக் காலையில நான் திரும்ப மேல போறேன். லைன் ஆஃப்லதான் இருக்கு.

மலைப்பள்ளி டீச்சர் (திங்கள், காலை 6:30)
பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒன்று எழுதிவிடுகிறேன், பாப்பாவுக்காக. ஓம் என்ற மனிதர் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். 1826இல் அவர் செய்த சோதனையும் வயரின் நீளத்தைப் பற்றியதுதான். வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் மாட்டி, எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று ஒரு காந்த ஊசியின் விலகலை வைத்துப் பார்த்தார். அந்தக் காலத்து பேட்டரி நிலையாக நிற்காமல் தொல்லை கொடுத்தது. அதனால் பிஸ்மத் என்ற உலோகமும் செம்பும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் மறு முனையை ஐஸிலும் வைத்து, அதில் வரும் நிலையான மின்னழுத்தத்தைப் பயன்படுத்தினார்.

அவருக்குக் கிடைத்த விடை வெறும் "வோல்ட் வகுத்தல் கம்பி" இல்லை. கம்பியின் நீளத்தோடு இன்னொரு எண்ணையும் கூட்டி, அதால் வகுக்க வேண்டியிருந்தது. அந்த இன்னொரு எண், சுற்றில் கம்பியைத் தவிர மீதி இருந்ததன் தடை. பாப்பா, நீ முதலில் விட்டது அந்த இரண்டாவது எண்ணைத்தான். நேற்று மாலை நீயே அதைப் பிடித்துவிட்டாய்.

கம்பம் வயர்மேன் (திங்கள், மதியம் 1:15)
கிடைச்சிருச்சு. கீழ அயன் பாக்ஸப் போட்டு விட்டுட்டு, ரப்பர் கையுறையோட ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் இந்தப் பக்கம் ஒரு குச்சி அந்தப் பக்கம் ஒரு குச்சி வச்சுப் பார்த்தேன். நல்ல ஜாயிண்ட்னா பூஜ்யம் காட்டணும். பாதி வழியில ஒரு சில்வர் ஓக் மரம். அங்க நியூட்ரல் வயர்ல ஒரு ஜாயிண்ட். முறுக்கி டேப் சுத்தியிருக்கு. அதுக்குக் குறுக்க 13 வோல்ட். ஒரே கம்பின்னு நாம நினைக்கிற இடத்துல 13 வோல்ட்! மிச்சம் 3 வோல்ட் மோட்டார் ஷெட்டு மெயின் சுவிட்ச்சு திருகுல. 13ம் 3ம் 16. டீச்சர் நேத்தே 16ன்னு எழுதுனாங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

ஆஃப் பண்ணி டேப்பப் பிரிச்சா உள்ள கருகி, ஏழு இழையில ரெண்டுதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. மழைத் தண்ணி இறங்கி பச்சைக் களிம்பு.

ஒரு விஷயம் எல்லாரும் கேட்டுக்கங்க. அந்த நியூட்ரல் முழுசா அத்துப்போயிருந்தா மோட்டார் சத்தமே இல்லாம நின்னுருக்கும். கரண்ட் இல்லன்னு நினைச்சு யாராவது கீழ நியூட்ரல் வயரத் தொட்டிருப்பாங்க. மோட்டார் காயில் வழியா வந்து அந்த வயர்ல முழு 230ம் நின்னுக்கிட்டு இருக்கும். ஏலக்காய் எடுக்கிற பொம்பளைங்க நடக்கிற பாதை அது.

ஏலத்தோட்டம் (திங்கள், மாலை 6:20)
நான் மகள். ஜாயிண்டை வெட்டிவிட்டு அண்ணன் கனெக்டர் போட்டு அழுத்தி, திருகையும் சுத்தம் செய்து இறுக்கினார். மறுபடி அயன் பாக்ஸ் வைப்பதற்கு முன்னால் நான் நோட்டில் எழுதி வைத்தேன்: மொத்தத் தடை 52.9 + 5.16 = 58.06. கரண்ட் 230 ÷ 58.06 = 3.96. அயன் பாக்ஸுக்கு 3.96 × 52.9 = 209.5 வோல்ட் வரவேண்டும். அளந்தால் 209! மோட்டாரும் சுற்றியது.

அந்த 44.6க்கு உரிய கேள்வியும் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். கீழே மோட்டார் இல்லாமல் இரண்டு வயரும் நேராகத் தொட்டுக்கொண்டால் சுற்றில் வயர் மட்டும்தான் இருக்கும். அப்போது 230 முழுவதும் வயருடையது. ஷார்ட் ஆனால் எவ்வளவு ஓடும் என்பதுதான் கேள்வி. சரியா டீச்சர்?

மலைப்பள்ளி டீச்சர் (திங்கள், இரவு 7:45)
சரி. நூற்றுக்கு நூறு.

இப்போது அதே கணக்கை ஜாயிண்ட் கெட்டிருந்த நாளுக்குப் போட்டுப் பார். 230 ÷ 9.5 = 24 ஆம்பியர். அன்று கீழே ஷார்ட் ஆகியிருந்தால் ஓடியிருக்கக்கூடியது அவ்வளவுதான்.

பவர்ஹவுஸ் ஓய்வு (திங்கள், இரவு 8:30)
டீச்சர் சொன்ன 24ஐ எல்லாரும் கவனிக்க வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 24 என்பது ஒன்றரை மடங்கு. அந்த அளவில் அது பட்டென்று விழாது. உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு மெல்லச் சூடாகி வளைய வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம். சி வகை என்றால் உடனே விழ 5 முதல் 10 மடங்கு வேண்டும், 16க்கு 80 முதல் 160 ஆம்பியர். அதுவரை 230 × 24, ஐந்தரை கிலோவாட் அந்த வயரிலும் ஜாயிண்டிலும் எரிந்துகொண்டிருக்கும், காய்ந்த சருகுக்கு மேலே. மெல்லிய நீள வயர் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது, அதனாலேயே காவலனையும் தூங்கவைக்கிறது.

ஐயா, 1 ஸ்கொயரை எடுத்துவிட்டு 4 ஸ்கொயர் போடுங்கள். தடை நான்கில் ஒன்று, 1.29 ஓம். நேற்று அளவில் இன்னொன்றும் இருந்தது, யாரும் பேசவில்லை: அயன் பாக்ஸ் போட்டதும் மேலேயே 231 என்பது 230 ஆனது. ஒரு வோல்ட்டை 3.7ஆல் வகுத்தால் 0.27 ஓம், அது மீட்டருக்கு அந்தப் பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் வரை உள்ள வழியின் தடை. இரண்டும் சேர்ந்து 1.56. ஷார்ட் ஆனால் 148 ஆம்பியர். எம்.சி.பி.யை 10 ஆம்பியர் சி வகைக்கு மாற்றுங்கள், 100ஐத் தாண்டினால் அது கண்டிப்பாக அந்த நொடியே விழும். அரை ஹெச்.பி.க்கு 10 போதும். மரத்தில் கட்டாமல் குழாய்க்குள் இறக்குங்கள். உயிர் காப்பதற்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும், எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது.

கூடலூர் விவசாயி (திங்கள், இரவு 9:00)
இதப் படிச்சிட்டு எங்க தோட்டத்துல போய்ப் பார்த்தேன். மோட்டார் போட்டா ஷெட்டு பல்பு மங்குது. பல்பும் மோட்டாரும் பக்க இணைப்புல இருக்கு, ஒண்ணு இன்னொண்ணப் பாதிக்காதுன்னுதானே படிச்சோம்?

ஏலத்தோட்டம் (திங்கள், இரவு 9:25)
இதற்கு நான் சொல்லலாமா? பல்பும் மோட்டாரும் பக்க இணைப்புதான் மாமா, ஆனால் இரண்டுக்கும் வருகிற வயர் பொது, அது இரண்டோடும் தொடரிணைப்பில் இருக்கிறது. புத்தகப் படத்தில் அந்த வயருக்குத் தடையே இல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பழைய 9.5 ஓம் வயரில் 60 வாட் பல்பு மட்டும் என்றால் பல்புக்கு 227.5 வோல்ட். கூடவே அயன் பாக்ஸ் போட்டால், 882ம் 52.9ம் பக்க இணைப்பில் 49.9 ஓம், வயரோடு 59.4, கரண்ட் 3.87, வயரில் 36.8 வோல்ட் போய்விடும். பல்புக்கு மிச்சம் 193. பல்பின் 882 சூட்டைப் பொறுத்து மாறும் என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். உங்கள் ஷெட்டில் பல்பு மங்கும்போது எத்தனை வோல்ட் என்று, லைசென்ஸ் உள்ளவரை வைத்து அளந்து சொல்லுங்கள், வயர் எத்தனை மீட்டர், எத்தனை ஸ்கொயர் என்றும் சொல்லுங்கள். ஜாயிண்ட் இருக்கிறதா இல்லையா என்று நான் போட்டுப் பார்க்கிறேன்.

கூடலூர் விவசாயி (செவ்வாய், காலை 7:05)
110 மீட்டர், 2.5 ஸ்கொயர். அளவு எடுக்க வயர்மேன் தம்பிய வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அயன் பாக்ஸ் 750 வாட்தான் இருக்கு, பரவால்லையாம்மா?

ஏலத்தோட்டம் (செவ்வாய், காலை 7:20)
பரவாயில்லை மாமா. அது 70.5 ஓம். உங்கள் வயருடையது 220 × 0.0172 ÷ 2.5, அதாவது 1.51 ஓம். மேலே 230 இருந்தால் கீழே 225 வரவேண்டும்.